கேள்வி – பதில்: ஒரு படிவத்துக்காகவா கொலை?

கேள்வி: 1964இல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் வாக்காளர் பதிவுக்கு உதவிய தொண்டர்களை ஏன் கொன்றார்கள்? படிவம் நிரப்புவதில் அப்படி என்ன இருக்கிறது?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: நம் வீட்டு வாசலுக்குக் கிராம உத்தியோகத்தர் கொண்டுவரும் படிவத்தை நினைத்துப் பார்க்காதீர்கள். அன்று அங்கே கறுப்பினத்தவர் நீதிமன்றக் கட்டடத்துக்கே போய் 21 கேள்விகளுக்கு எழுத வேண்டும். மாநில அரசியலமைப்பில் பதிவாளர் காட்டும் பிரிவைப் பார்த்தெழுதி விளக்கமும் சொல்ல வேண்டும். சரியா பிழையா என்பது அவர் வைத்ததே சட்டம். விண்ணப்பித்தவர் பெயர் உள்ளூர்ப் பத்திரிகையில் இரண்டு வாரம் வரும். பெயர் வந்தால் வேலை போகும், வீடு எரியும். அந்தப் பயத்தில்தான் வெள்ளையர் ஆட்சி நின்றது. தொண்டர்கள் கைவைத்தது அதில்.

நீங்கள் கேட்ட தொண்டர்களான ஜேம்ஸ் சேனி, அன்ட்ரூ குட்மன், மைக்கேல் ஷ்வெர்னர் மூவரும் ஜூன் 21 அன்று எரிக்கப்பட்ட தேவாலயமொன்றைப் பார்த்துத் திரும்புகையில், வேகமாக ஓட்டியதாகப் பிடிபட்டார்கள். சிறையில் வைத்து, இரவு பத்துக்குப் பின் விட்டார்கள். விட்ட பொலிஸ் அதிகாரியே துரத்திப் பிடித்துக் கொலைக்கும்பலிடம் கொடுத்தார். 44 நாள் கழித்து மண் அணைக்கட்டுக்குள் உடல்கள் கிடைத்தன.

கேள்வி: தொண்டர்களுக்குப் பாதுகாப்பு இருக்கவில்லையா?

பதில்: விதிகள் இருந்தன. இரவில் பயணம் கூடாது. காரின் உள்விளக்குக் குமிழைக் கழற்றிவிட வேண்டும். கதவைத் திறந்ததும் வெளிச்சம் பட்டால் சுடுபவனுக்குக் குறி தெரியும். போய்ச் சேர்ந்ததும் தங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். நேரம் தவறினால் அலுவலகம் சிறைகளை அழைக்கும். அன்றும் அழைத்தார்கள். மூவரையும் உள்ளே வைத்துக்கொண்டே, இங்கே இல்லை என்று பதில் வந்தது.