புயல் வந்தால் யார் பொறுப்பு? ஹூஸ்டனுக்குப் புதிதாக வந்த ஒரு தம்பிக்குப் பதில்

தம்பி, நீங்கள் எழுதியதைச் சுருக்கமாக முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் படித்தாலும் புரியட்டும். ஹூஸ்டனுக்கு வந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. எச்1பி விசா. ஹூஸ்டனின் மேற்கே கேட்டி என்ற ஊர்ப் பக்கம் வாடகை வீடு, சீக்கிரம் சொந்தமாக வாங்கும் எண்ணமும் இருக்கிறது. அலுவலகத்தில் புயல் பேச்சு எடுத்தாலே ஒருவர் மேயரைத் திட்டுகிறார், ஒருவர் கவர்னரை, இன்னொருவர் அதிபரை. "2015 வெள்ளத்தில் செம்பரம்பாக்கம் ஏரியை வைத்து நாங்கள் பார்த்த அதே சண்டைதானா அக்கா? நிஜமாக யார் பொறுப்பு? எங்களுக்கு ஒன்று என்றால் யார் வருவார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இந்தச் சண்டை ஏன் ஒவ்வொரு புயலுக்கும் வருகிறது என்றால், பொறுப்பு சட்டப்படியே மூன்று பேர் கையில் பிரிந்து கிடக்கிறது. முதலில் நகரமும் கவுண்டியும் (நம்மூர் மாவட்டம் மாதிரி). அவர்கள் கையை மீறினால் மாநிலம். மாநிலத்தாலும் முடியாது என்றால் கவர்னர் அதிபரிடம் முறைப்படி கேட்க வேண்டும். அதிபர் பேரிடர் என்று அறிவித்த பிறகுதான் மத்திய அரசின் பேரிடர் நிர்வாக அமைப்பான ஃபீமாவின் பணம் வரும். 1988-இல் வந்த ஸ்டாஃபோர்ட் சட்டம் வகுத்த வழி இது. இங்கே கவர்னர் என்பவர் நம்மூர் முதலமைச்சர் மாதிரி, மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர். மாநிலத்தின் தேசியக் காவல் படை அவர் சொல்படி நடக்கும். டெக்சாஸில் ஊரைக் காலி செய்யச் சொல்லும் அதிகாரம் மேயருக்கும் கவுண்டி ஜட்ஜுக்கும் உண்டு. ஜட்ஜ் என்றதும் நீதிமன்றம் என்று நினைக்க வேண்டாம், அவர் கவுண்டியின் நிர்வாகத் தலைவர். இந்த மூன்று அடுக்கிலும் வேறு வேறு கட்சிக்காரர்கள் உட்கார்ந்திருந்தால், தண்ணீர் வடிவதற்கு முன்பே பேட்டிகள் தொடங்கிவிடும்.

கத்ரீனா புயலைத் தெரிந்துகொள்ளாமல் இந்த ஊர்க்காரர்கள் ஏன் இவ்வளவு கொதிக்கிறார்கள் என்பது புரியாது. 2005-இல் நாங்கள் லூசியானாவின் பேட்டன் ரூஜில் இருந்தோம். நியூ ஆர்லியன்ஸிலிருந்து தப்பி வந்தவர்களால் அந்த ஊர் நிரம்பி வழிந்தது. ஆற்றங்கரையோரம் இருந்த பெரிய அரங்கம் முழுக்கக் கட்டில்கள். பல்கலைக்கழகத்துக் கூடைப்பந்து அரங்கம் தற்காலிக மருத்துவமனையாக மாறியது. கோவில் நண்பர்கள் சிலரோடு நானும் சாப்பாடு கொடுக்கப் போவேன். அங்கே யாரிடமும் கட்சிப் பேச்சு இல்லை. கார் இல்லை, மாதக் கடைசி, கையில் காசு இல்லை, எங்கே போவது? இதையே ஆள் மாற்றி ஆள் சொன்னார்கள்.

நடந்தது இதுதான். ஆகஸ்ட் 26, வெள்ளிக்கிழமை, லூசியானா கவர்னர் கேத்லீன் பிளாங்கோ மாநிலத்தில் அவசரநிலை அறிவித்தார். மறுநாளே அதிபர் புஷ் மத்திய அரசின் அவசரநிலையையும் அறிவித்துவிட்டார். அன்று இரவு தேசியப் புயல் மையத்தின் இயக்குநர் மேக்ஸ் மேஃபீல்டு தானே நியூ ஆர்லியன்ஸ் மேயர் ரே நேகினுக்குப் போன் போட்டுப் பேசினார். கட்டாயமாக ஊரைவிட்டு வெளியேறச் சொல்லும் உத்தரவு ஞாயிற்றுக்கிழமை காலைதான் வந்தது. திங்கள் காலை புயல் கரையைத் தொட்டுவிட்டது. முழுதாக ஒரு நாள்கூட இல்லை. நகரத்தில் கார் இல்லாதவர்கள் சுமார் ஒரு லட்சம் பேர். தண்ணீரில் வரிசையாக மூழ்கி நின்ற பள்ளிப் பேருந்துகளின் படம் மேயரின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அந்தக் கோபம் நியாயமானது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். கார் இல்லாதவனை எப்படிக் கூட்டிப் போவது என்பது புயல் வரும் வாரத்தில் யோசிக்கும் விஷயம் இல்லை.

மத்திய அரசின் பங்கு இன்னும் மோசம். முந்தைய வருடம், 2004 ஜூலையில், ஃபீமாவின் பணத்திலேயே 'பாம்' (Pam) என்ற கற்பனைப் புயலை வைத்து ஒரு ஒத்திகை நடந்திருந்தது. நியூ ஆர்லியன்ஸ் மூழ்கினால் என்ன ஆகும் என்று அதிகாரிகள் உட்கார்ந்து எழுதிப் பார்த்திருக்கிறார்கள். அதனால் யாருக்கும் தெரியாது என்று சொல்லவே முடியாது. அப்படியும் மாநாட்டு மையத்தில் ஆயிரக்கணக்கானோர் சோறு தண்ணீர் இல்லாமல் கிடப்பதை நாடே தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த செப்டம்பர் 1 அன்று, உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைச் செயலர் மைக்கேல் செர்டாஃப் வானொலிப் பேட்டியில் அப்படி ஒரு தகவல் தனக்கு வரவில்லை என்றார். ஃபீமாவின் தலைவர் மைக்கேல் பிரவுன் அதற்கு முன்பு பல வருடம் அரேபியக் குதிரை வளர்ப்போர் சங்கத்தில் பொறுப்பில் இருந்தவர். அவரைத்தான் அதிபர் மறுநாள் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். பத்து நாளில் பிரவுன் பதவி விலகினார். ஃபீமா 2003-இல் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குள் கொண்டுபோகப்பட்ட பிறகு பயங்கரவாதத் தடுப்பே பெரிதாகி, இயற்கைப் பேரிடர் வேலை பின்னுக்குப் போனது என்று அந்தத் துறையில் இருந்தவர்களே சொன்னார்கள்.

அப்புறம் படை யார் கையில் என்ற இழுபறி. மாநிலத்தின் தேசியக் காவல் படையைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொள்ள வெள்ளை மாளிகை கேட்டது, பிளாங்கோ மறுத்தார். அவர் பக்கம் ஒரு நியாயம் இருந்தது: படை மத்திய அரசின் கட்டளைக்குள் போய்விட்டால், அது ஊருக்குள் போலீஸ் வேலை பார்ப்பதற்குச் சட்டப்படி தடைகள் உண்டு. புஷ் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. இரண்டு தலைமை இருந்தால் யார் சொல்வதைக் கேட்பது? இந்த விவாதம் நடந்துகொண்டிருந்தபோது நியூ ஆர்லியன்ஸின் சூப்பர்டோம் விளையாட்டு அரங்கத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் பேருந்துக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். ஜனநாயகக் கட்சிக்காரர்கள் புஷ்ஷையும், குடியரசுக் கட்சிக்காரர்கள் பிளாங்கோவையும் நேகினையும் திட்டியே பல வருடங்கள் போயின. பிளாங்கோ 2007-இல் மறுபடி போட்டியிடவே இல்லை.

இத்தனை சத்தத்தில் அமுங்கிப்போன ஒன்றைத்தான் நான் எல்லோருக்கும் சொல்கிறேன். நியூ ஆர்லியன்ஸில் சுமார் எண்பது சதவீதம் மூழ்கியதற்குப் பெரிய காரணம் வெள்ளத் தடுப்புச் சுவர்கள் உடைந்தது. 17ஆம் தெருக் கால்வாயின் சுவர், தண்ணீர் அதன் தலையைத் தாண்டும் முன்பே அடிமண்ணோடு சரிந்தது. லண்டன் அவென்யூ கால்வாயிலும் அதே கதை. கட்டியது ராணுவப் பொறியாளர் படை. வடிவமைப்பில் குறை இருந்ததை அவர்களே 2006 ஜூனில் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் வெள்ளத் தடுப்பு வேலைகளுக்காக மத்திய அரசு மேல் நஷ்டஈடு கேட்க முடியாது என்று 1928-ஆம் வருடச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதைக் காட்டி அந்தக் கால்வாய் வழக்கை நீதிமன்றம் தள்ளியது. ஆயிரத்துக்கு மேல் உயிர் போன பேரிடரில், பல பத்தாண்டுக்கு முன் வரைபடம் போட்ட மேசைக்கு யாரும் மைக்கை நீட்டவில்லை. எனக்கு இன்னும் ஆறாத விஷயம் இதுதான்.

அதற்காகக் குற்றம் சொல்வதே வீண் என்று நினைத்துவிடாதீர்கள். இன்ன ஆள், இன்ன வேலை, இன்ன தேதி என்று குறிவைத்துக் கேட்டபோது பலன் வந்தது. நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளும் விசாரித்து அறிக்கை கொடுத்தன. 2006-இல் வந்த சட்டம், ஃபீமாவின் தலைவருக்குப் பேரிடர் நிர்வாகத்தில் அனுபவம் இருக்க வேண்டும் என்றது. மாநிலத்தின் கோரிக்கைக்குக் காத்திராமல் உதவிப் பொருள்களை முன்கூட்டியே அனுப்பவும் வழி செய்தது. நியூ ஆர்லியன்ஸ் சுற்றுவட்டாரத்தில் துண்டு துண்டாக இருந்த கரைப் பாதுகாப்பு வாரியங்களை மக்களே ஓட்டுப் போட்டு ஒருங்கிணைத்தார்கள். 1,400 கோடி டாலருக்கு மேல் செலவழித்துப் புதிய தடுப்பு அமைப்பு கட்டினார்கள். 2021-இல், அதே ஆகஸ்ட் 29 அன்று, ஐடா புயல் வந்தபோது மின்சாரம் போனது, ஆனால் அந்தச் சுவர்கள் நின்றன.

இனி உங்கள் ஊருக்கு வருகிறேன். 2017-இல் ஹார்வி புயல் வந்தபோது கவர்னர் கிரெக் ஆபட் வெளியேறுவது பற்றி யோசியுங்கள் என்றார். மேயர் சில்வெஸ்டர் டர்னர் வீட்டிலேயே இருங்கள் என்றார். இன்றும் மேயரைத் திட்டுபவர்கள் உண்டு. நான் அவரைத் திட்ட மாட்டேன். கத்ரீனாவுக்கு அடுத்த மாதமே வந்த ரீட்டா புயலுக்குப் பயந்து இந்த ஊரே ஒரே நேரத்தில் சாலைக்கு வந்தது. வெயிலிலும் நெரிசலிலும் முதியோர் இல்லத்துப் பேருந்து ஒன்று தீப்பிடித்ததிலும் நூறு பேர் அளவுக்கு இறந்தார்கள். லட்சக்கணக்கான கார்கள் நெடுஞ்சாலையில் நிற்கும்போது வெள்ளம் வந்தால் என்ன ஆகும் என்ற பயம் அவருக்கு இருந்தது.

ஆனால் நீங்கள் இருக்கும் கேட்டி பக்கம் வேறு கதை நடந்தது, அதுதான் உங்கள் செம்பரம்பாக்கக் கேள்விக்குப் பதில். மேற்கு ஹூஸ்டனில் ஆடிக்ஸ், பார்க்கர் என்று இரண்டு வெள்ளத் தேக்கங்கள் இருக்கின்றன. 1940களில் ராணுவப் பொறியாளர் படை கட்டியவை. சாதாரண நாளில் உள்ளே தண்ணீர் இருக்காது. பூங்காவும் விளையாட்டு மைதானமும்தான். ஹார்வியில் அவை வேகமாக நிரம்பியபோது ஆகஸ்ட் 28 அதிகாலையில் மதகைத் திறந்தார்கள், கீழ்ப்புற வீடுகள் மூழ்கின. மேல்புறத்திலோ தேங்கிய நீர் பின்வாங்கிக் குடியிருப்புகளுக்குள் போனது. தேக்கம் முழுதாக நிரம்பினால் நீர் நிற்கக்கூடிய நிலம் எல்லாவற்றையும் அரசு வாங்கி வைக்கவில்லை. மிச்ச நிலத்தில் தனியார் வீடு கட்டி விற்றார்கள், உள்ளூர் நிர்வாகம் அனுமதி கொடுத்தது. வாங்கியவர்களில் பலருக்குத் தாங்கள் ஒரு தேக்கத்தின் விளிம்புக்குள் குடியிருப்பதே தெரியாது. 2019-இல் நீதிமன்றம் மேல்புற வீடுகளின் சேதத்துக்கு மத்திய அரசே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. மதகை எப்போது திறந்தார்கள் என்று மட்டும் சண்டை போட்டால் பாதிதான் கிடைக்கும்; அந்த நிலத்தில் வீடு கட்ட யார் கையெழுத்துப் போட்டார்கள் என்றும் கேட்க வேண்டும்.

பிறகு பணம். 2021 மே மாதம், ஹார்வியை ஒட்டி வெள்ளத் தடுப்புக்காக மாநில நில அலுவலகம் 100 கோடி டாலர் அளவுக்குப் பங்கு பிரித்தபோது, ஹூஸ்டனுக்கும் ஹாரிஸ் கவுண்டிக்கும் ஒரு டாலர்கூட ஒதுக்கவில்லை. இரண்டு கட்சிக்காரர்களும் கோபப்பட்டார்கள். பணத்தைப் பிரித்த முறை சிறுபான்மையினருக்குப் பாகுபாடு காட்டியது என்று மத்திய வீட்டுவசதித் துறையே மறு வருடம் சொன்னது. புயல் வாரத்துச் சண்டையைவிட இந்த மாதிரிச் செய்திகளைத் தொடர்ந்து படியுங்கள். 2024-இல் பெரில் புயல் வந்தபோதும் கவர்னர் வெளிநாட்டில் இருந்ததும், பேரிடர் அறிவிப்பை யார் தாமதித்தது என்பதும்தான் தலைப்புச் செய்தி. இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளிலும் கடைகளிலும் விளக்கு எரியவில்லை. முதியவர்கள் வெக்கையில் செத்தார்கள்.

வதந்தியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதே வருடம் ஹெலீன் புயல் வட கரோலினா மலைப் பகுதியைச் சிதைத்தபோது, ஃபீமா ஒரு குடும்பத்துக்கு 750 டாலர் மட்டும்தான் கொடுக்கும் என்று பரப்பினார்கள். அது உடனடிச் செலவுக்கான முதல் தொகை. வீட்டுச் சேதத்துக்குத் தனியாக உண்டு. நம்பியவர்கள் சிலர் விண்ணப்பமே போடவில்லை. நம் வாட்ஸாப் குழுக்களில் இப்படி வருவதைத் தயவுசெய்து அனுப்பாதீர்கள்.

சரி, உங்களுக்கு யார் வருவார்கள்? படகில் வருவது தீயணைப்பு வீரராகவோ பக்கத்துத் தெருக்காரராகவோதான் இருக்கும். தங்குமிடம், உணவு, தண்ணீர், மருத்துவ உதவி எல்லாருக்கும் உண்டு. விசாவைப் பற்றிப் பயந்து வீட்டுக்குள் இருந்துவிடாதீர்கள். ஃபீமாவின் பண உதவி மட்டும் குடியுரிமை உள்ளவர்கள், கிரீன் கார்டு உள்ளவர்கள், அகதிகள் போன்ற சில பிரிவினருக்குத்தான், எச்1பிக்கு இல்லை. உங்கள் மகள் இங்கே பிறந்தவள் என்று எழுதியிருந்தீர்கள். அவள் குடிமகள் என்பதால், அவள் பெயரில் நீங்கள் விண்ணப்பிக்கலாம். அவளுடைய சமூகப் பாதுகாப்பு எண்ணையும் பிறப்புச் சான்றிதழையும் நனையாத உறையில் பாஸ்போர்ட்டுகளோடு வையுங்கள்.

சாதாரண வீட்டுக் காப்பீடும் வாடகைதாரர் காப்பீடும் வெள்ளத்துக்குப் பணம் தராது. தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் வாடகைக்கு இருப்பவர்களும் பொருள்களுக்கு ஒரு லட்சம் டாலர் வரை எடுக்கலாம், விசா தடையில்லை. எடுத்து 30 நாள் கழித்துத்தான் அது நடைமுறைக்கு வரும். புயல் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை என்பதால் மே மாதத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

கேட்டி என்ற ஒரே முகவரிக்குள் ஹாரிஸ், ஃபோர்ட் பெண்ட், வாலர் என மூன்று கவுண்டிகள் வருகின்றன. உங்கள் தெரு எதில் இருக்கிறது என்று பார்த்து, அந்தக் கவுண்டியின் எச்சரிக்கைச் செய்திக்குப் போனில் பதிவு செய்யுங்கள், கணவன் மனைவி இருவருமே. வீடு பார்க்கும்போது பார்க்கர் தேக்கத்தின் எல்லைக்குள் அது வருகிறதா என்று முகவரிடம் எழுத்தில் கேளுங்கள். மனைப் பிரிவு வரைபடத்தின் ஓரத்தில் வெள்ளம் தேங்கக்கூடும் என்று சிறிய எழுத்தில் குறிப்பு இருக்கிறதா என்று நீங்களே படித்துப் பாருங்கள். அந்த வரைபடம் கவுண்டி கிளார்க் அலுவலகத்தில் கிடைக்கும். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் போய் வாருங்கள்.