கனடாவில் திருச்சபைகள் மன்னிப்புக் கேட்டதும் பழங்குடி மக்கள் ஏற்றுக்கொண்டார்களா?

ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. பழங்குடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து, தாய்மொழியில் பேசினாலே அடித்து வளர்த்த உறைவிடப் பள்ளிகளுக்குப் பணம் கொடுத்தது அரசு, பெரும்பாலானவற்றை நடத்தியது சபைகள். சுமார் 1,50,000 பிள்ளைகள் அவற்றில் இருந்தார்கள்.

முதலில் மன்னிப்புக் கேட்டது கனடாவின் பெரிய புராட்டஸ்டண்ட் சபையான ஐக்கிய சபை, 1986இல், ஒன்டாரியோ மாகாணத்தின் சட்பரி நகரில். அங்கே பழங்குடி மூத்தவர்கள் கல்லடுக்கி ஒரு நினைவுக் குவியல் எழுப்பினார்கள். 1988இல் அந்தச் சபையின் பழங்குடி உறுப்பினர்கள் சொன்ன பதில்: கேட்டதைப் பெற்றுக்கொள்கிறோம், ஆனால் ஏற்கவில்லை, நடத்தையில் காட்டுங்கள். அதனால்தான் அந்தக் குவியலை வேண்டுமென்றே முடிக்காமல் விட்டிருக்கிறார்கள். அந்த மன்னிப்பில் பள்ளிகளைப் பற்றிப் பேச்சே இல்லை. அதற்குத் தனியாக 1998 வரை ஆனது!

ஆங்கிலிக்கன் சபை 1993இல் கேட்டது, பிரெஸ்பிடேரியன் சபை அடுத்த ஆண்டு. அதிகப் பள்ளிகளை நடத்திய கத்தோலிக்கத் தரப்புதான் ரொம்பவே இழுத்தடித்தது, போப் பிரான்சிஸ் நேரில் போய்க் கேட்க 2022 ஜூலை ஆகிவிட்டது.

சரி, பணம்? அந்தப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு இழப்பீடு தரப் போட்ட 2006 உடன்படிக்கையில் கத்தோலிக்க அமைப்புகள் 2.5 கோடி டாலர் திரட்ட முயல்வதாக ஒப்புக்கொண்டு, 40 லட்சம்கூடத் திரட்டவில்லை. இதற்கிடையே பெரிய தேவாலயங்களுக்குக் கட்டட நிதி மட்டும் தாராளமாக வந்தது, எனக்குக் கோபம் வருவது இங்கேதான். எதிர்ப்பு வலுத்த பிறகு, 2021இல் கத்தோலிக்க ஆயர்கள் 3 கோடி டாலர் தருவதாக அறிவித்தார்கள். அப்புறம் ஆவணங்கள்: எந்தப் பிள்ளை எங்கே இறந்தது என்று தேடும் குடும்பங்கள் சபைகளின் பழைய பதிவேடுகளை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கின்றன.