பல்செட்டுக்கு அடியில் யார்?

கேள்வி: என் மாமனாருக்கு 74 வயது. மேல்தாடைக்குப் பல்செட் போட்டிருக்கிறார். அண்ணம் சிவந்து எரிகிறது. பூஞ்சைக்கு மருந்து தடவினால் குறைகிறது; நிறுத்தினால் திரும்ப வருகிறது. மருந்து சரியில்லையா, டாக்டர்?
- வாசகி, கும்பகோணம்

பதில்: மருந்தைக் குறை சொல்லாதீர்கள். ராத்திரி செட்டைக் கழற்றுகிறாரா? என்னிடம் வரும் பெரியவர்கள் பலர் கழற்றுவதில்லை. பேரப்பிள்ளைகள் பொக்கை வாயைப் பார்த்துவிடுவார்களாம்!

நீங்கள் தடவுவது அண்ணத்தில். குற்றவாளி இருப்பதோ செட்டின் உட்புறத்தில். செட் செய்யப்பட்ட அக்ரிலிக் பிளாஸ்டிக்கின் நுண்துளைகளில் கேண்டிடா அல்பிகன்ஸ் என்ற பூஞ்சை தனியாக இருப்பதில்லை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் முதலிய பாக்டீரியாக்களோடு கூட்டுக்குடித்தனம். பூஞ்சை நூல்நூலாக இழைவிடும். அந்த இழையிலுள்ள சில புரதங்களைப் பற்றிக்கொண்டு பாக்டீரியா ஒட்டும். இரண்டும் சுரக்கும் பிசுபிசுப்பான படலத்துக்குள் மருந்து எளிதில் நுழையாது. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி கேண்டிடாவோடு சேர்ந்து படலம் கட்டினால், வான்கோமைசின் என்ற வலுவான ஆன்டிபயாட்டிக்குக்கே அவ்வளவாக மசிவதில்லை. இது ஆய்வகத்தில் கண்டது. ரத்தக்குழாயில் செருகிய கதீட்டர் என்ற மெல்லிய பிளாஸ்டிக் குழலில் கேண்டிடா பிடித்தால், மருந்தோடு நிற்காமல் பெரும்பாலும் அந்தக் கதீட்டரையே எடுத்துவிடுகிறோம்.

செட்டைத் தேய்த்தால்தான் இந்தப் படலம் போகும். மென்மையான பிரஷ், சோப்பு போதும். பற்பசை அக்ரிலிக்கைக் கீறிவிடும். இரவில் கழற்றித் தண்ணீரில் போடுங்கள். வெந்நீர் கூடாது, செட் வளைந்துவிடும். தளர்ந்த பழைய செட் என்றால் பல் மருத்துவரிடம் காட்டி மாற்றுங்கள். அப்படியே ரத்தச் சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள்.