ஜீபி சர்ஜரியில் நாம் சொல்வது யார் காதில் விழுகிறது? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஜீபியிடம், அதாவது நம் குடும்ப டாக்டரிடம், அப்பாயின்ட்மென்ட் எடுப்பதைப் பற்றி இரண்டே வரிதான் எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால் ஆளாளுக்கு உள்ளே கொதித்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். பாதிப் பேர் கேட்டிருப்பது ஒரே விஷயம்: நாங்கள் சொல்வதை அங்கே யாராவது காதில் போட்டுக்கொள்கிறார்களா? எங்கள் பகுதி சர்ஜரியின் (ஆபரேஷன் இல்லை, ஜீபி டாக்டர்களின் கிளினிக்கைத்தான் இங்கே அப்படிச் சொல்வார்கள்) நோயாளர் குழுவில் நானும் இருப்பதால் உள்ளே நடப்பது ஓரளவு தெரியும். இங்கே சொல்லும் விதிகள் இங்கிலாந்துக்கு உரியவை. ஸ்காட்லாந்து, வேல்ஸ் வாசகர்களுக்கு முறை வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அக்கா, டாக்டரைப் பார்த்துவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு வருவதற்குள் "எங்கள் சேவை எப்படி இருந்தது?" என்று போனில் மெசேஜ் வந்துவிடுகிறது. ஒவ்வொரு தடவையும் "மிக நன்று" என்பதை அழுத்திவிட்டுப் போய்விடுவேன். இதையெல்லாம் யாராவது படிக்கிறார்களா?
– வாசகி, ஈஸ்ட் ஹாம்

படிக்கிறார்கள். ஆனால் நீங்கள் அனுப்பியதில் படிக்க என்ன இருக்கிறது, சொல்லுங்கள்!

இதற்கு 'ஃப்ரெண்ட்ஸ் அண்ட் ஃபேமிலி டெஸ்ட்' என்று பெயர். 2013இல் ஆஸ்பத்திரிகளில் தொடங்கியது, 2014 டிசம்பரிலிருந்து ஜீபி சர்ஜரிகளுக்கும் கட்டாயமானது. முதலில் "இந்த சர்ஜரியை உங்கள் நண்பர்களுக்கும் குடும்பத்தாருக்கும் பரிந்துரைப்பீர்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள், பெயர் அப்படி வந்ததுதான். 2020இல் கேள்வியை மாற்றி, மொத்தத்தில் அனுபவம் எப்படி என்று நேராகக் கேட்கத் தொடங்கினார்கள். மிக நன்று, மிக மோசம் என்று எத்தனை பேர் அழுத்தினார்கள் என்ற கணக்கு மாதாமாதம் அரசு மருத்துவச் சேவையை நடத்தும் என்.எச்.எஸ். இங்கிலாந்துக்குப் போகிறது. அதற்குக் கீழே "ஏன் அப்படிச் சொல்கிறீர்கள்?" என்று ஒரு பெட்டி வரும், நீங்கள் தாண்டிப் போகும் அந்தப் பெட்டிதான் சர்ஜரிக்கு வேலைக்கு ஆகிற விஷயம்.

எங்கள் குழுக் கூட்டத்துக்கு ப்ராக்டிஸ் மேனேஜர் அந்தப் பெட்டியில் வந்ததையெல்லாம் அச்சடித்து எடுத்து வருவார். நன்று, நன்று, ஓகே, தேங்க்யூ, நன்று, படுமோசம், நன்று என்று பக்கம் பக்கமாகப் போகும். படுமோசம் என்றால் எது மோசம், டாக்டரா, போனா, கழிவறையா? பெரும்பாலும் பெயர் இல்லாமல் வருவதால் திருப்பிக் கேட்கவும் வழி இல்லை. அப்படிப் போய்க்கொண்டிருந்த ஒரு பட்டியலின் நடுவில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்: திங்கட்கிழமை காலை 8.10க்கு அடித்தேன், வெகுநேரம் காத்திருந்து வரிசையில் 2ஆவது ஆளாக வந்ததும் லைன் கட் ஆகிவிட்டது, மறுபடி அடித்தால் 31ஆவது ஆள். இதை வைத்துக்கொண்டு மேனேஜர் போன் கம்பெனியிடம் அந்த நேரத்துப் பதிவைக் கேட்டார். குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் காத்திருக்கும் அழைப்பைத் தானாகத் துண்டிக்கும்படி சிஸ்டத்தில் செட் செய்யப்பட்டிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. ரிசப்ஷனில் இருப்பவர்களுக்கே அது தெரியாது, அவர்கள் பக்கத்தில் அந்த அழைப்பு நோயாளி தானே வைத்துவிட்டுப் போனது போலத்தான் காட்டும். மாற்றிவிட்டார்கள். அதற்கு முன்னால் "போன் எடுக்கவே மாட்டேன் என்கிறார்கள்" என்று எத்தனையோ பேர் எழுதியிருந்தும் நடக்காதது, கிழமையும் நேரமும் போட்ட ஒரு வரியால் நடந்தது.

அதனால் அடுத்த முறை அந்தப் பெட்டியில் ஒரு வரி போடுங்கள். என்ன கிழமை, எத்தனை மணி, என்ன நடந்தது, அவ்வளவு போதும். உங்கள் நோயைப் பற்றி மட்டும் அதில் எழுத வேண்டாம், அதை டாக்டர் பார்க்கப் போவதில்லை. அப்புறம், இந்த மெசேஜ் ஒருபோதும் வங்கி விவரம், பாஸ்வேர்டு கேட்காது. கேட்டால் அது சர்ஜரி அனுப்பியது இல்லை, அழித்துவிடுங்கள்.

பிள்ளை, எனக்கு 71 வயது. ரத்தப் பரிசோதனை முடிவு வந்து ஆறு வாரமாகியும் எனக்கு யாரும் சொல்லவில்லை, நானே போய்க் கேட்டபோதுதான் இரும்புச்சத்து குறைவு என்றார்கள். கம்ப்ளெயின்ட் கொடு என்று மகன் சொல்கிறான். கொடுத்தால் பெயரை வெட்டிவிடுவார்கள், இல்லாவிட்டால் அடுத்த தடவை முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள் என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, ஹாரோ

அம்மா, இந்தப் பயம் உங்களுக்கு மட்டும் இல்லை, நம்மவர்கள் வீட்டுக்கு வீடு வைத்திருக்கும் பயம். டாக்டரைக் கடவுளாகப் பார்த்தே பழகிவிட்டோம், கடவுள் மேல் எப்படிப் புகார் எழுதுவது!

புகார் கொடுத்தார் என்பதற்காக ஒருவரை சர்ஜரியின் பட்டியலிலிருந்து நீக்கக் கூடாது. புகார்க் கடிதங்களை உங்கள் மருத்துவப் பதிவோடு சேர்த்து வைப்பதும் கூடாது, தனிக் கோப்பில்தான் இருக்க வேண்டும். நாளைக்கு உங்களைப் பார்க்கும் புது டாக்டர் கம்ப்யூட்டரைத் திறந்ததும் "இவர் புகார் எழுதியவர்" என்று எதுவும் முன்னால் வந்து நிற்காது.

புகார் கொடுக்கும் முறை 2009ஆம் ஆண்டு விதிகளில் இருக்கிறது. சம்பவம் நடந்து, அல்லது அது உங்களுக்குத் தெரிய வந்து, 12 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். கிடைத்தது என்று 3 வேலை நாளுக்குள் அவர்கள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும், பிறகு விசாரித்துப் பதில் எழுத வேண்டும். ஆங்கிலத்தில் எழுதத் தெரியாதே என்று தயங்க வேண்டாம், வாயால் சொன்னாலும் புகார் புகார்தான். நீங்கள் சொன்னதை அவர்களே எழுதி, அதன் பிரதி ஒன்றை உங்களுக்குத் தர வேண்டும். இது பலருக்குத் தெரியாது. ஒரு விலக்கு உண்டு: வாயால் சொன்ன குறையை அடுத்த வேலை நாள் முடிவதற்குள் உங்களுக்குத் திருப்தியாகும்படி தீர்த்துவிட்டால், அதை முறையான புகாராக நடத்த வேண்டியதில்லை. சின்ன விஷயம் என்றால் அதுவே நல்லது.

உங்கள் விஷயம் சின்னது இல்லை. முடிவு ஆறு வாரம் கிடந்தது என்றால் எங்கேயோ ஒரு கை விட்டுப்போயிருக்கிறது. லேபிலிருந்து வந்ததை ஒரு டாக்டர் பார்த்து "நோயாளிக்குச் சொல்லவும்" என்று குறித்திருப்பார், அது ஒரு வேலைப் பட்டியலில் போய் உட்கார்ந்திருக்கும், அந்தப் பட்டியலைப் பார்க்க வேண்டியவர் லீவில் இருந்திருப்பார், அல்லது உங்கள் பழைய போன் நம்பருக்கு மெசேஜ் போயிருக்கும். இப்படி ஒன்றுக்கு நல்ல சர்ஜரி மன்னிப்புக் கடிதத்தோடு நிறுத்தாது. டாக்டர்களும் நர்ஸ்களும் ரிசப்ஷனில் இருப்பவர்களும் சேர்ந்து உட்கார்ந்து எந்தப் படியில் அறுந்தது என்று பார்த்து, இதே போல வேறு யாருடைய முடிவாவது கிடக்கிறதா என்றும் தேடுவார்கள். நீங்கள் சும்மா இருந்தால் அந்தத் தேடலே நடக்காது. அதனால் புகாரில் யாரைத் திட்டலாம் என்று பார்க்காமல், உங்களுக்கு வேண்டியதைக் கேளுங்கள்: முடிவு ஏன் வந்து சேரவில்லை, இனி வராமல் போகாதிருக்க என்ன செய்திருக்கிறீர்கள், எழுதித் தாருங்கள். மகன் உங்கள் சார்பில் எழுதுவதானால் உங்கள் கையெழுத்தோடு சம்மதம் கேட்பார்கள், அதைச் சேர்த்தே அனுப்பிவிடுங்கள்.

சர்ஜரியிடமே கொடுக்க மனம் இல்லையென்றால் உங்கள் பகுதி ஐ.சி.பி.யிடம், அதாவது இந்த சர்ஜரிகளுக்குப் பணம் கொடுத்து நடத்தவைக்கும் அமைப்பிடம், கொடுக்கலாம். இரண்டில் ஒன்றுதான், இரண்டு இடத்திலும் முடியாது. வந்த பதில் சரியில்லை என்றால் இப்படிப்பட்ட புகார்களை வெளியிலிருந்து விசாரிக்கும் ஓம்புட்ஸ்மனிடம் போகலாம். இதற்கெல்லாம் உதவ இலவச ஆலோசகர்கள் உண்டு, கவுன்சிலில் 'என்.எச்.எஸ். கம்ப்ளெயின்ட்ஸ் அட்வகசி' என்று கேட்டால் நம்பர் தருவார்கள். ஆஸ்பத்திரியில் பார்த்திருப்பீர்களே, நோயாளிகளின் குறை கேட்கும் 'பால்ஸ்', அது ஜீபிக்கு இல்லை, அங்கே போய் அலைய வேண்டாம்.

தபாலில் ஜீபி பேஷன்ட் சர்வே என்று ஒரு கடிதம் வந்தது. விளம்பரம் என்று குப்பையில் போட்டுவிட்டேன். தப்பா?
– வாசகர், குராய்டன்

அடுத்த தடவை போடாதீர்கள். 2007இலிருந்து நடக்கும் கணக்கெடுப்பு அது, என்.எச்.எஸ். இங்கிலாந்துக்காக இப்சோஸ் நிறுவனம் நடத்துகிறது. 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிலிருந்து குலுக்கலில் பெயர் எடுத்து வருஷத் தொடக்கத்தில் அனுப்பி, கோடையில் சர்ஜரி வாரியாக முடிவை வெளியிடுவார்கள். நாடு முழுக்க சுமார் 7 லட்சம் பேர் பதில் போடுகிறார்கள், கேட்க மலைப்பாக இருக்கும், ஆனால் ஒரு சர்ஜரிக்கு என்று பிரித்தால் சராசரியாக நூறு பேர் அளவுதான். அந்த நூறில் ஒருவராக வரும் கடிதத்தைத்தான் நீங்கள் குப்பையில் போட்டீர்கள். போனில் எளிதில் பிடிக்க முடிகிறதா என்பதுவரை அதில் கேட்கிறார்கள், சர்ஜரிகளின் தரத்தை ஆய்வு செய்ய வரும் சி.க்யூ.சி. அமைப்பும் அந்த எண்களைப் பார்க்கிறது.

அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. என் 13 வயது மகள்தான் டாக்டரிடம் மொழிபெயர்க்கிறாள். போன வாரம் பெண்களுக்கான விஷயம் ஒன்றைச் சொல்ல முடியாமல் பாட்டியும் பேத்தியும் பேசாமல் திரும்பிவிட்டார்கள். இதை சர்ஜரியிடம் எப்படிச் சொல்வது?
– வாசகி, டூட்டிங்

தங்கச்சி, முதலில் பிள்ளையை அந்த வேலையிலிருந்து விடுவியுங்கள். மொழிபெயர்ப்பாளரை இலவசமாக ஏற்பாடு செய்வது என்.எச்.எஸ். பொறுப்பு, வீட்டு ஆட்களை, அதிலும் சிறுபிள்ளைகளை, வைத்துச் சமாளிக்கக் கூடாது என்பதுதான் வழிகாட்டல். அப்பாயின்ட்மென்ட் எடுக்கும்போதே "தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும், பெண்ணாக இருந்தால் நல்லது, நேரம் இரட்டிப்பாக வேண்டும்" என்று சொல்லுங்கள், அம்மாவின் பதிவிலும் அதைக் குறிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு தடவையும் கேட்கத் தேவை வராது. "யாரையாவது கூட்டி வாருங்கள்" என்று ரிசப்ஷனில் சொன்னால் கோபப்படாமல் சொன்னவரின் பெயரையும் தேதியையும் குறித்துக்கொண்டு, நீங்கள் மேலே எழுதிய அந்த மூன்று வரியையும் அப்படியே மேனேஜருக்கு அனுப்புங்கள். பாட்டியும் பேத்தியும் பேசாமல் திரும்பினார்கள் என்பதைப் படித்துவிட்டு எந்த மேனேஜரும் சும்மா இருக்க முடியாது. இருந்தால், மேலே ஹாரோ அம்மாவுக்குச் சொன்ன வழி உங்களுக்கும் உண்டு.

நோயாளர் குழுவில் சேரச் சொல்லி சர்ஜரியில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். டீயும் பிஸ்கட்டும் தருவதைத் தவிர அங்கே ஏதாவது நடக்குமா?
– வாசகர், இல்ஃபோர்ட்

தம்பி, பிஸ்கட் எல்லா இடத்திலும் கிடைக்காது, அந்த நம்பிக்கையில் போகாதீர்கள்.

2015 ஏப்ரலிலிருந்து இங்கிலாந்தில் ஒவ்வொரு சர்ஜரியிலும் இப்படி ஒரு குழு இருக்க வேண்டும் என்பது சர்ஜரிகள் என்.எச்.எஸ்.ஸோடு போடும் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. ஒப்பந்தத்தில் இருப்பதால் பேருக்கு நடத்துகிற இடங்களும் உண்டு, மறைப்பதற்கில்லை. சேரும் முன்னால் கடந்த இரண்டு கூட்டத்தின் குறிப்பைக் கேளுங்கள். "போன தடவை சொன்னது என்ன ஆயிற்று" என்று அதில் ஒரு வரியாவது இருந்தால் உயிரோடு இருக்கும் குழு. கார் பார்க்கிங்கைப் பற்றியே இரண்டு பக்கம் ஓடியிருந்தால் யோசியுங்கள்.

அங்கே சொந்த வியாதிக்கோ சொந்த புகாருக்கோ இடம் இல்லை. போனில் ஓடும் நீளமான பதிவுக் குரலைச் சுருக்குவது, வெப்சைட்டில் கர்ப்பிணிகளுக்கான பக்கம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று காட்டுவது, மருந்துச் சீட்டுக்கு எத்தனை நாள் ஆகும் என்று சுவரில் எழுதி வைக்கச் சொல்வது, இப்படி எல்லோருக்கும் பொதுவானதுதான் நடக்கும். டாக்டர் எண்ணிக்கையைக் கூட்டு என்று எவ்வளவு கத்தினாலும் அது அவர்கள் கையில் முழுக்க இல்லை. நான் போகும் கூட்டத்தில் பெரும்பாலும் ரிட்டயரான வெள்ளைக்காரர்கள்தான், நேரம் இருப்பவர்கள் வருகிறார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஷிப்ட் வேலைக்கு ஓடும் நம் ஆட்கள் வராததால் ஷிப்ட் வேலைக்காரனின் கஷ்டம் அங்கே பேசப்படுவதே இல்லை. பகலில் வர முடியாதவர்களை ஈமெயில் வழியாகச் சேர்த்துக்கொள்ளும் சர்ஜரிகளும் உண்டு, அப்படியாவது கேட்டுப் பாருங்கள்.

காலை 8 மணிக்குப் போன் அடித்தால் "இன்றைக்கு இடம் முடிந்துவிட்டது, நாளை 8 மணிக்கு அடியுங்கள்" என்கிறார்கள். ஆனால் சுவரில் "நீங்கள் சொன்னீர்கள், நாங்கள் செய்தோம்" என்று போர்டு. கூகுளில் ஒரு ஸ்டார் போட்டுக் கிழிக்கலாம் என்று இருக்கிறேன்.
– வாசகர், லெஸ்டர்

போடுங்கள், மனசு ஆறும். ஆனால் உங்கள் அப்பாயின்ட்மென்டைப் பற்றி அங்கே அவர்கள் வாயே திறக்க முடியாது, நீங்கள் அவர்களுடைய நோயாளி என்று ஒப்புக்கொள்வதே ரகசியத்தை மீறுவதாகிவிடும். அதனால்தான் "மேனேஜரைத் தொடர்புகொள்ளவும்" என்ற ஒரே பதில் எல்லாவற்றுக்கும் கீழே ஒட்டியிருக்கும்.

உங்கள் கையில் அதைவிடக் கெட்டியான பிடி இருக்கிறது. நாளை அடியுங்கள் என்று வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று 2023இலேயே ஒப்பந்தத்தில் மாற்றிவிட்டார்கள். முதல் தொடர்பிலேயே உங்கள் தேவை என்ன என்று பார்க்க வேண்டும், அல்லது பொருத்தமான இடத்துக்கு வழிகாட்ட வேண்டும். 2025 அக்டோபர் 1 முதல் அவசரமில்லாத விஷயங்களுக்கு ஆன்லைன் படிவத்தையும் காலை 8இலிருந்து மாலை 6.30 வரை திறந்து வைத்திருக்க வேண்டும். இந்த இரண்டையும் சொல்லி, உங்களுக்கு நடந்த தேதியைப் போட்டு மேனேஜருக்கு எழுதுங்கள். அந்த போர்டில் எதை, எந்த மாதம் செய்தார்கள் என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

ஒரு நர்ஸ் என் கணவரை அவ்வளவு அன்பாகக் கவனித்தார். குறை சொல்லத்தான் வழி இருக்கிறதா, பாராட்ட இல்லையா? மைசூர்பாகு கொடுத்தால் தப்பாகுமா?
– வாசகி, வெம்ப்ளி

ஈஸ்ட் ஹாம் வாசகிக்குச் சொன்னேனே, மெசேஜில் வரும் அந்தப் பெட்டியில் அவர் பெயரைப் போட்டு எழுதுங்கள். நல்ல மேனேஜர் அதை அவர் காதுக்குக் கொண்டு போவார், வருஷாந்தர மதிப்பீட்டிலும் அவருக்கு உதவும். பரிசு 100 பவுண்டுக்கு மேல் போனால் சர்ஜரி ஒரு பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். மைசூர்பாகு அந்தக் கணக்கில் வராது, தாராளமாகக் கொடுங்கள். நெய்யும் கடலைமாவும் இருக்கிறது என்று டப்பா மேல் எழுதிவிடுங்கள், ஒவ்வாமை உள்ளவர்கள் இருப்பார்கள்.