உள்தாழ்ப்பாள் போட்ட வீட்டில் பயம்

வாசகர் கேள்வி – பதில்

கல்யாணத்துக்குள்ளேயே ஆபத்து ஒளிந்திருக்கும் உளவியல் த்ரில்லர்களைப் பற்றி சேலம் மாவட்டத்திலிருந்து வந்த கேள்விகளில் சில.

கல்யாணமாகி 22 வருடம். வீட்டுக்காரர் தங்கமான மனுஷன். ஆனால் ராத்திரி நான் எடுத்துப் படிப்பதெல்லாம் மனைவியை ஒழிக்கத் திட்டம் போடும் கணவன் கதைகள்தான். எனக்கு ஏதாவது கோளாறா?
– வாசகி, அஸ்தம்பட்டி

உங்களிடமும் கோளாறு இல்லை, அவரிடமும் இல்லை. மற்ற மர்மக் கதைகளில் ஆபத்து வெளியிலிருந்து வரும். கதவைச் சாத்தினால் பாதித் தொல்லை தீரும். இந்த வகையில் கதவைச் சாத்துகிறவர் மேலேயே சந்தேகம். பால் டம்ளர், பீரோ சாவி, மாத்திரை டப்பா, பாஸ்புக் என்று தினம் நம் கை படுகிற சாமான்தான் இங்கே ஆயுதம். அதனால்தான் புத்தகத்தை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனால் பயமும் கூடவே வருகிறது.

இன்னொன்றும் உண்டு. நாம் பத்துப் பொருத்தம் பார்ப்போம், சம்பளம் விசாரிப்போம், சொந்த வீடா வாடகையா என்று கேட்போம். கோபம் வந்தால் மாப்பிள்ளை எப்படி இருப்பார் என்பதை மட்டும் எந்தத் தரகரும் சொல்ல மாட்டார். அந்த முதல் மாதப் படபடப்பு மனசின் ஒரு மூலையில் அப்படியே கிடக்கும். கதை அதைத் தொட்டுப் பார்க்க விடுகிறது. பயம் அதிகமானால் புத்தகத்தை மூடிவிடலாம், பக்கத்தில் குறட்டை கேட்கும். அந்தக் குறட்டை இருப்பதால்தான் உங்களால் ரசிக்கவே முடிகிறது.

‘கேஸ்லைட்டிங்’ என்று ரீல்ஸில் ஆளுக்கு ஆள் சொல்கிறார்கள். கேஸுக்கும் கணவன் மனைவி சண்டைக்கும் என்ன சம்பந்தம்?
– வாசகர், ஓமலூர்

இது சமையல் கேஸ் இல்லை, அந்தக் காலத்து லண்டன் வீடுகளில் எரிந்த கேஸ் விளக்கு. பேட்ரிக் ஹாமில்டன் எழுதி 1938-ல் மேடையேறிய ‘கேஸ் லைட்’ நாடகத்திலிருந்து வந்த சொல். அதை வைத்து 1944-ல் வந்த ஹாலிவுட் படத்தில் மனைவியாக நடித்த இன்கிரிட் பெர்க்மன் ஆஸ்கர் வாங்கினார்.

கணவன் பொருள்களை ஒளித்துவைத்து, “நீதான் எங்கேயோ வைத்துவிட்டு மறந்துபோகிறாய்” என்று மனைவியை நம்பவைக்கிறான். ராத்திரி வெளியே போவதாகச் சொல்லிவிட்டு, திருட்டுத்தனமாக மேல்மாடிக்கு வந்து, கொலையுண்ட ஒருத்தியின் நகைகளைத் தேடுகிறான். தேட வெளிச்சம் வேண்டுமே, அங்கே விளக்கை ஏற்றுகிறான். வீட்டுக்கெல்லாம் ஒரே குழாய் என்பதால் கேஸின் அழுத்தம் குறைந்து, கீழே மனைவி அறையில் சுடர் மங்குகிறது. நம் வீட்டில் தண்ணி மோட்டார் போட்டதும் பல்பு ஒரு தரம் மங்குமே, அதே சங்கதி.

பாதிப் பேர் தப்பாகச் சொல்லும் இடம் இதுதான். அவளைக் குழப்ப அவன் வேண்டுமென்றே விளக்கைக் குறைப்பதில்லை. அந்த மங்கல் அவன் கணக்கில் வராத தடயம். அவன் சொன்ன பொய்களுக்கு நடுவே அவள் கண்ணால் கண்ட ஒரே நிஜம். சாதாரணப் பொய்யையெல்லாம் இந்தப் பெயரில் அழைப்பது சரியில்லை. ஒருத்தியின் கண்ணையும் ஞாபகத்தையும் அவளே நம்பாதபடி நாள்பட அடிப்பதுதான் கேஸ்லைட்டிங்.

என் தங்கை வீட்டில் இதுவே நடக்கிறது போலத் தெரிகிறது. ஏ.டி.எம். கார்டு அவள் வீட்டுக்காரர் கையில். போனைத் தினம் சோதிக்கிறார். கேட்டால் “அவளுக்கு மனசு சரியில்லை” என்கிறார். அடி உதை இல்லாததால் புகார் செல்லாது என்கிறார்களே?
– வாசகி, ஆத்தூர்

செல்லும். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005, அடியை மட்டும் வன்முறை என்று சொல்லவில்லை. சொல்லாலும் மனசாலும் வதைப்பது, பணத்தைப் பிடுங்கிக்கொள்வது ஆகியவையும் அதில் அடங்கும். 181 மகளிர் உதவி எண்ணுக்கு முதலில் பேசுங்கள். மாவட்டச் சமூக நலத்துறையின் பாதுகாப்பு அலுவலர் மூலமாகவோ நேரடியாகவோ மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனுக் கொடுக்கலாம். முதல் விசாரணை சாதாரணமாக 3 நாளுக்குள் வர வேண்டும், 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் இழுக்கும், அதற்கும் தயாராக இருங்கள். வீடு யார் பேரில் இருந்தாலும், குடியிருக்கும் வீட்டில் இருக்க அவளுக்கு உரிமை உண்டு. தேதி போட்டுக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். அந்த நோட்டு உங்கள் வீட்டில் இருக்கட்டும், அங்கே வேண்டாம். அவளுடைய போனில் இதைப் பற்றிப் பேசாதீர்கள்.

புதுமணத் தம்பதி எஸ்டேட் பங்களாவுக்கு வருகிறார்கள், கணவன் கெட்டவன். பனிமூட்டம், கடைசியில் பகோடா பாயிண்ட் மலையுச்சி எல்லாம் வைத்து 3,000 வார்த்தைக் கதை எழுதினேன். படித்தவர்கள் கொட்டாவி விடுகிறார்கள். எங்கே கோட்டை விட்டேன்?
– வாசகர், ஏற்காடு

முதல் வரியிலேயே பனியை இறக்கிவிட்டீர்கள் என்று தோன்றுகிறது. வெயிலில் ஆரம்பியுங்கள். சேலத்துப் புழுக்கத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறிவரும் பெண் சந்தோஷமாக வரட்டும். கெடுவதற்கு ஏதாவது இருந்தால்தானே கெடும்?

முதல் சந்தேகம் 500 வார்த்தைக்குள் விழ வேண்டும், அதுவும் சின்னதாக. “ஏற்காடு எனக்கும் புதுசு” என்றவன் எத்தனை வளைவு பாக்கி என்று சொன்னால் அது தடயமாகாது, வழியெல்லாம் பலகை இருக்கிறது. ஆனால் பங்களாவில் கரண்ட் போன இருட்டில், தடவாமல் நேராகப் போய் அலமாரியிலிருந்து மெழுகுவத்தி எடுக்கிறான் என்றால் வாசகர் நிமிர்ந்து உட்காருவார். இப்படி மூன்று சம்பவம் போதும். ஒவ்வொன்றுக்கும் நல்ல காரணம் ஒன்றும் கெட்ட காரணம் ஒன்றும் சம எடையில் இருக்க வேண்டும். கெட்ட காரணம் கனத்தால் கதாநாயகி மக்காகத் தெரிவாள். நல்ல காரணம் கனத்தால் கடைசியில் நீங்கள் ஏமாற்றியதாகத் தெரியும். முக்கால் கதைக்கு மேல் புது ஆளைக் கொண்டுவராதீர்கள்.

அடுத்து, எஸ்டேட் என்றால் தனிமை என்று நினைத்தது. காப்பிப் பழம் பறிக்கும் சீசனில் அங்கே ஆள் நடமாட்டத்துக்குக் குறைவே இல்லை, மேஸ்திரி காலையிலேயே வந்து நிற்பார். ஆகவே தனிமையை அவன்தான் உண்டாக்க வேண்டும். “வீட்டம்மாவுக்கு உடம்பு முடியல, எதையாச்சும் உளறுவாங்க” என்று வேலையாட்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் போதும். சுற்றிலும் நாற்பது பேர் இருந்தும் அவள் பேச்சு எடுபடாது. அவள் அம்மாவுக்குப் போன் போடட்டும். “மாப்பிள்ளை எவ்வளவு பொறுமையானவர், நீதான் அனுசரிச்சுப் போகணும் கண்ணு” என்று பதில் வரட்டும். நம் ஊர்க் கதையில் கத்தியைவிடக் கூர்மையான வசனம் அதுதான்.

பகோடா பாயிண்ட் முடிவைப் பற்றி: மலையுச்சியில் மனைவியைத் தள்ளப்போகும் கணவன் நமக்கு மிகப் பழைய சரக்கு. குண்டலகேசி காப்பியம் முழுசாகக் கிடைக்காவிட்டாலும் கதை தங்கிவிட்டது. கொலைக்களத்துக்குப் போன கள்வனை மீட்டுக் கட்டிக்கொள்கிறாள் வணிகர் மகள். ஊடலில் ஒருநாள் அவனைக் கள்வன் என்று சொல்லிக்காட்டிவிடுகிறாள். அதை மனசில் வைத்திருந்து மலைக்கு அழைத்துப்போகிறான். அவளோ, சாகும் முன் உன்னை மூன்று முறை வலம் வருகிறேன் என்று கேட்டு, பின்னால் வந்ததும் தள்ளிவிடுகிறாள். பதிவிரதையின் சடங்கே அவளுக்குத் தப்பிக்கும் வழியாகிறது. உங்கள் முடிவும் அப்படி, முன்பே பக்தியாகவோ பிரியமாகவோ காட்டிய ஒரு பழக்கத்திலிருந்து வர வேண்டும். கால் வழுக்கி வில்லன் விழுந்தான் என்று முடித்திருந்தால் அடித்துவிடுங்கள்.

என் மனைவி இந்த மாதிரி நாவலாக வாங்கி அடுக்குகிறாள். நான் பயப்பட வேண்டுமா?
– வாசகர், செவ்வாய்ப்பேட்டை

அட்டை போட்டு மறைத்துப் படிக்காதவரை வேண்டாம். 1954-ல் பாட்டே இல்லாமல் வந்த ‘அந்த நாள்’ படத்தை இருவரும் சேர்ந்து பாருங்கள். செத்துக் கிடப்பவன் ஒரு கணவன். பாதியில் நிறுத்தி, கொன்றது யார் என்று ஆளுக்கு 100 ரூபாய் பந்தயம் கட்டுங்கள். பணம் போவது அநேகமாக உங்களுடையதாகத்தான் இருக்கும்.