எந்தக் குலத்தில் தொடங்குவது? ஷோகன் 2 கேள்வி பதில்

டோட்டல் வார்: ஷோகன் 2 என்ற கணினிப் போர் வியூக ஆட்டம் வெளிவந்தது 2011ல். இன்றும் அதைப் புதிதாக வாங்கி, குலத் தேர்வுத் திரையிலேயே தயங்கி நிற்பவர்கள் நிறைய. ஆட்டம் 1545ல், ஜப்பான் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்த செங்கோகு காலத்தில் தொடங்குகிறது. வந்த கேள்விகளை அப்படியே கொடுத்து, என் பதிலை எழுதியிருக்கிறேன். எல்லா பதிலுக்கும் அடியில் ஒரே எண்ணம்தான் இருக்கிறது: குலத்தின் சிறப்புச் சலுகையைப் பார்ப்பதற்கு முன், வரைபடத்தில் அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

கேள்வி: அண்ணா, இந்த மாதிரி ஆட்டமே எனக்கு முதல் முறை. யோசிக்காமல் எடுக்க ஒரு குலம் சொல்லுங்கள்.

சோசொகாபே. ஷிகோகு தீவின் தெற்கில், டோசா மாகாணத்தில் தொடங்குவீர்கள். தீவில் மொத்தம் நான்கே மாகாணங்கள்: டோசா, இயோ, சனுகி, அவா. முதுகுக்குப் பின்னால் கடல். எதிரி எந்தப் பக்கத்திலிருந்து வருவான் என்பது உங்களுக்கு எப்போதும் தெரியும். புதிதாக ஆடுபவருக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. ஆட்டம் கற்றுக்கொள்ளும்போது நாலு பக்கமும் தீப்பிடித்தால் எதைக் கற்பது?

சலுகை இரண்டு. வில்வீரர்கள் மலிவாகவும் தரமாகவும் கிடைப்பார்கள், வயல்களிலிருந்து கூடுதல் வருமானம் வரும். இரண்டாவதைச் சின்ன விஷயம் என்று நினைத்து விடாதீர்கள். வணிக வருமானம் அடுத்த குலங்களோடு உள்ள ஒப்பந்தத்தை நம்பியிருக்கிறது. அவர்கள் முறைத்துக்கொண்டால் போயிற்று. வயல் உங்களுடையது, அதை யாரும் முறிக்க முடியாது. இதன் அருமை ஆட்டத்தின் பிற்பாதியில் தெரியும். கீழே ஓடா பற்றிய பதிலில் சொல்கிறேன்.

வரலாற்றிலும் டோசாவின் பலம் மண்தான். சோசொகாபேயின் படையில் பெரும்பகுதி அரை விவசாயிகள், அரை வீரர்கள். ஈட்டியையும் கவசத்தையும் வரப்பில் வைத்துவிட்டு உழுவார்கள், அழைப்பு வந்ததும் எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். குலத் தலைவர் மொட்டோச்சிகா ஷிகோகுவைப் பிடித்தது அந்தப் படையை வைத்துத்தான். 1585ல், ஜப்பானை ஒன்றாக்கிக்கொண்டிருந்த ஹிதெயோஷி படை அனுப்பி, டோசாவை மட்டும் அவருக்கு விட்டுவிட்டு மிச்சத்தைப் பிடுங்கிக்கொண்டார்.

முதல் வேலை தீவை முடிப்பது. அடுத்து, வரைபடத்தின் மேற்குக் கடலில் உள்ள வணிக முனைகளுக்கு, அதாவது கப்பலை நிறுத்தினால் வருமானம் தரும் இடங்களுக்கு, வணிகக் கப்பல் அனுப்புங்கள். முந்துபவருக்குத்தான் இடம்.

கேள்வி: ஷிமாசுவும் சுலபம் என்கிறார்களே ப்ரோ. வாள் வீரர்கள் எனக்குப் பிடிக்கும்.

அப்படியென்றால் தாராளமாக எடுங்கள். ஷிமாசு கியூஷுவின் தென்கோடியில், சட்சுமாவில் இருக்கிறது. அதுவும் மூலைதான். கட்டானா சாமுராய் மலிவு, தரமும் கூடுதல். தளபதிகளின் விசுவாசமும் அதிகம். குலம் பெரிதாகி, தளபதிகள் பலபேர் தூரத்தில் தனித்தனிப் படையோடு இருக்கும்போது ஒருவர் எதிரிப் பக்கம் தாவினால் எவ்வளவு வலிக்கும் என்பது பட்டவருக்குத் தெரியும்.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, வாள் வீரர் குதிரைப்படையிடம் அடிவாங்குவார்கள். பக்கவாட்டில் நாலு அணி ஈட்டி அஷிகாரு (சாமுராய் அல்லாத சாதாரணக் காலாட்கள்) இல்லாமல் களத்துக்குப் போகாதீர்கள். இரண்டு, ஜெயிக்கப் பிடிக்க வேண்டிய தலைநகர் கியோட்டோ வெகு தூரம். கியூஷுவை முடித்த பிறகு பெரிய தீவான ஹோன்ஷுவின் மேற்கு வால் முழுவதையும் தாண்ட வேண்டும். குறுகிய ஆட்டத்துக்கு 1575 வரைதான் நேரம், பருவத்துக்கு ஒரு டர்ன் வீதம் ஏறத்தாழ 120 டர்ன். கியூஷுவிலேயே பாதியைக் கழித்துவிட்டால் கடைசியில் ஓட வேண்டி வரும்.

கேள்வி: டகேடா ஷிங்கென் என்றால் உயிர். ஆனால் மூன்று முறை தொடங்கி மூன்று முறையும் தோற்றுவிட்டேன் சார். எங்கே தப்பு?

உங்கள் மேல் தப்பில்லை, இடம் அப்படி. டகேடா தொடங்கும் காய் மாகாணம் நாட்டின் நடுவில், மலைகளுக்குள் இருக்கிறது. கடலே கிடையாது. கடல் இல்லையென்றால் துறைமுகம் இல்லை, துறைமுகம் இல்லையென்றால் கடல் வணிகம் இல்லை. கஜானா காலியாகவே இருக்கும், ஆனால் நாலு பக்கமும் எல்லையைக் காக்க வேண்டும். உண்மையான டகேடாவுக்கும் இதுதான் பாடு. கடலோரக் குலங்கள் உப்பை நிறுத்தியபோது, பரம எதிரியான உயெசுகி கென்ஷினே உப்பு அனுப்பினார் என்று ஒரு கதை ஜப்பானில் இன்றும் சொல்லப்படுகிறது.

நான் ஆடும் விதம் இது: தெற்கே உள்ள பெரிய குலங்களில் ஒன்றோடாவது முதல் சில டர்னுக்குள் சமாதானம், முடிந்தால் திருமண உறவு. பிறகு முழுப் பலத்தோடு வடக்கே ஷினானோ. அது கைக்கு வந்ததும் கடலைத் தொடும் ஒரு மாகாணம், எதுவானாலும் சரி. கடல் கிடைக்கும் வரை ஆடம்பரமாக எதையும் கட்டாதீர்கள்.

அப்புறம், குதிரை மேல் உள்ள ஆசையில் படை முழுக்கக் குதிரையாக நிரப்ப வேண்டாம். குதிரைப்படைதான் டகேடாவின் சலுகை, உண்மை. ஆனால் இந்த ஆட்டத்தில் பாதிச் சண்டை கோட்டை முற்றுகை, அங்கே குதிரைக்கு வேலை குறைவு. இருபது அணியில் ஐந்து குதிரை போதும். வில்லும் ஈட்டியும் எதிரியை முன்னால் பிடித்து வைக்கட்டும், குதிரை பின்னால் சுற்றி வந்து இடிக்கட்டும். 1575ல் நாகஷினோவில் ஷிங்கெனின் மகன் கட்சுயோரி, வேலியும் துப்பாக்கியும் இருந்த இடத்தை நோக்கி நேராகப் பாய்ந்து படையை இழந்தார். அதைக் களத்தில் திரும்பச் செய்யாதீர்கள்.

கேள்வி: ஓடாவிலிருந்து கியோட்டோ பக்கம்தானே? நேராகப் போய்ப் பிடித்தால் சீக்கிரம் ஜெயிக்கலாமா?

இந்த யோசனையில் ஆட்டத்தை இழந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

ரியல்ம் டிவைட் என்று ஒன்று இருக்கிறது. உங்கள் புகழ் உச்சத்தைத் தொட்டாலோ, கியோட்டோவைப் பிடித்தாலோ, நாட்டின் ராணுவ ஆட்சித் தலைவரான ஷோகன் உங்களை நாட்டுக்கு எதிரியாக அறிவித்துவிடுவார். அதன்பின் ஒவ்வொரு டர்னுக்கும் எல்லாக் குலங்களோடும் உறவு கெட்டுக்கொண்டே போகும். நண்பர்கள் போர் தொடுப்பார்கள், வணிக ஒப்பந்தங்கள் ஒவ்வொன்றாக முறியும். வருமானத்தில் பெரும்பங்கு வணிகத்திலிருந்து வந்திருந்தால், படைக்குச் சம்பளம் கொடுக்க முடியாத நிலை வரும். வயல் வருமானம் பற்றி முதலில் சொன்னது இதற்காகத்தான்.

ஐந்து மாகாணத்தோடு கியோட்டோவுக்குள் நுழைந்தால் ஜப்பான் முழுவதும் உங்கள் மேல் பாயும். நடுநாட்டில் இருக்கும் ஓடாவுக்கு முதுகுப்பக்கம் என்று ஒன்று கிடையாது. குறுகிய ஆட்டத்தில் ஜெயிக்கவே கியோட்டோ உள்பட 25 மாகாணம் வேண்டும். ஆகவே முதலில் ஒரு பக்கத்து எல்லையைக் கடல் வரை தள்ளி மூடுங்கள். புகழ்க் கோடு நிரம்பப் போகிறது என்று தெரிந்ததும் நிறுத்துங்கள். ஐந்தாறு டர்ன் புதிதாக எதையும் பிடிக்காமல் பணம் சேருங்கள், எல்லைக் கோட்டைகளை உயர்த்துங்கள், இரண்டு முழுப்படை தயார் செய்யுங்கள். நேரம் காலத்தை நீங்கள் முடிவு செய்து கதவைத் திறக்க வேண்டும்.

கோட்டையை உயர்த்தினால் உணவு கூடுதலாகச் செலவாகும், சந்தையும் ஒரு கட்டத்துக்கு மேல் அப்படித்தான். அரிசி மிச்சம் எவ்வளவு என்று பார்க்காமல் கட்டினால் மாகாணங்களில் கலகம் கிளம்பும்.

மற்றபடி ஓடா அருமையான குலம். அஷிகாரு மலிவு, தரமும் நல்லது. ஈட்டிச் சுவர் போட்டு நிற்கும் ஓடா அஷிகாருவைச் சாமுராய் வைத்து உடைப்பதுகூட கஷ்டம். ஆனால் இதை இரண்டாவது ஆட்டமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டாதே எடுத்தால் ஒற்றைக்கண் மசமுனே வருவாரா?

தொடக்கத்தில் இல்லை. டாதே குலத்தின் புகழ்பெற்ற தலைவரான அவர் பிறந்தது 1567ல். ஆட்டம் தொடங்கும் 1545ல் அவருடைய தாத்தா தலைமுறை. அப்போது உண்மையில் அந்த வீட்டிலேயே தந்தைக்கும் மகனுக்கும் போர் நடந்துகொண்டிருந்தது, 1542 முதல் 1548 வரை.

குலமாகப் பார்த்தால் டாதே நிதானமான தேர்வு. வடகிழக்கு மூலை, எதிரிகள் சிறியவர்கள். நோடாச்சி என்ற நீண்ட வாள் ஏந்திய சாமுராயும், பாய்ந்து தாக்கும் வேகத்துக்கான கூடுதல் பலமும் சலுகை. நோடாச்சியை அம்பு மழையில் நடக்க விடாதீர்கள். எதிரி வரிசை ஈட்டியோடு மோதிக்கொண்டிருக்கும்போது பக்கத்திலிருந்து ஒரே பாய்ச்சல். மாகாணங்கள் பெரிது, நடை நீளம், பனிக்காலத்தில் எதிரி மண்ணில் நின்றால் ஆட்கள் சாவார்கள். அந்த நீண்ட நடைக்குப் பொறுமை வேண்டும்.

கேள்வி: துப்பாக்கி வேண்டும், அதுவும் ஆரம்பத்திலேயே. ஓட்டோமோ காசு கொடுத்து வாங்கலாமா?

ஓட்டோமோ, இக்கோ இக்கி, ஹட்டோரி மூன்றும் கூடுதலாக வாங்க வேண்டிய குலங்கள். துப்பாக்கி ஆசை அவ்வளவு இருந்தால் ஓட்டோமோ காசுக்குத் தகும். கியூஷுவின் பூங்கோ மாகாணத்தில் கிறிஸ்தவக் குலமாகவே தொடங்குவீர்கள், போர்த்துகீசிய டெர்சியோ துப்பாக்கிப்படை கிடைக்கும். விலை என்னவென்றால், பிடிக்கும் ஒவ்வொரு மாகாணமும் பௌத்தம். மதம் மாறும் வரை அமைதியின்மை நீடிக்கும். பாதிரியார்களை முன்கூட்டியே அனுப்பி, அப்புறம் படையை அனுப்புங்கள்.

இதில் நமக்கு நெருங்கிய ஒரு வரலாறு உண்டு. 1549ல் ககோஷிமாவில் கரையிறங்கி, 1551ல் ஓட்டோமோ தலைவரைப் பூங்கோவில் சந்தித்தவர் பிரான்சிஸ் சவேரியார். அதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை முத்துக்குளித்துறையில் நம் பரதவர் ஊர்களில் இருந்த அதே சவேரியார்தான். அந்த ஓட்டோமோ தலைவர் 1578ல் ஞானஸ்நானம் பெற்றபோது பிரான்சிஸ்கோ என்ற பெயரை எடுத்துக்கொண்டார். இதைத் தெரிந்துகொண்டு ஆடும்போது அந்தக் குலத்தின் மேல் எனக்குத் தனிப் பாசம் வந்துவிட்டது.

காசு செலவழிக்க வேண்டாம் என்றால், எந்தக் குலத்திலும் நன்பன் துறைமுகம், அதாவது ஐரோப்பியரோடு வணிகம் செய்யும் துறைமுகம், கட்டித் துப்பாக்கி வாங்கலாம். ஆனால் அந்த மாகாணத்தில் கிறிஸ்தவம் பரவும்.

கேள்வி: கடற்சண்டை எனக்கு வரவே வராது. மோரியை விட்டுவிடலாமா?

விட்டுவிடுங்கள். மோரியின் சலுகை முழுவதும் கப்பலில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் அதன் தொடக்க மாகாணமான அகியில் உட்கார்ந்தால், கிழக்கும் மேற்கும் எதிரி உள்ள ஒரு சாதாரணக் குலம் அவ்வளவுதான். கடல் பிடித்தவர்களுக்கு மட்டும் சொல்கிறேன்: எதிரியின் வணிகப் பாதைகளைக் கப்பல் வைத்து அடைத்துச் சுரண்டும் சுகம் வேறு எந்தக் குலத்திலும் இவ்வளவு இல்லை.

கேள்வி: கடைசியில் ஜப்பானை ஆண்டது டொகுகாவாதானே? அதனால் அதுதான் பலமான குலமா?

1545ல் இல்லை. டொகுகாவா என்ற பெயரே அப்போது கிடையாது. மட்சுதைரா என்றுதான் இருந்தார்கள், பெயர் 1560களில் மாறியது. இயெயாசு அன்று சின்னக் குழந்தை. ஆட்டத்தில் நீங்கள் இமகாவா குலத்துக்கு அடங்கிய சிற்றரசாகத் தொடங்குவீர்கள், பக்கத்தில் ஓடா எதிரி. ராஜதந்திரமும் நிஞ்சாக்களும் மெட்சுகே என்ற கண்காணிப்பு அதிகாரிகளும்தான் உங்கள் பலம். படை பலவீனம். எஜமானன் அடுத்தவரோடு மோதி இளைக்கும் வரை காத்திருந்து, சரியான பருவத்தில் விலகுவதே வழி. பேச்சுவார்த்தைத் திரையைப் போர்க்களம் அளவுக்கு ரசிப்பவர் என்றால் எடுங்கள்.

கேள்வி: உயெசுகி, ஹோஜோ, ஹட்டோரி, இக்கோ இக்கி பற்றிச் சுருக்கமாக?

உயெசுகிக்குத் துறவி வீரர்களும் வணிக வருமானமும். அதன் மாகாணம் எச்சிகோ நீண்ட கடற்கரை, எதிரே சாடோ தீவில் தங்கம். அதை முதலில் எடுங்கள். வணிகச் சலுகை ரியல்ம் டிவைடுக்குப் பின் தேய்ந்துவிடும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். ஹோஜோவுக்குக் கோட்டை கட்டச் செலவு குறைவு, முற்றுகை ஆயுதமும் நன்றாக இருக்கும். சுவரில் வில் அஷிகாருவை நிறுத்தித் தற்காப்பதில் இன்பம் காண்பவர்களுக்கு அது. ஹட்டோரி, இக்கோ இக்கி இரண்டும் வேறு குலத்தில் ஒரு முறையாவது ஜெயித்த பிறகு.

கேள்வி: அக்கா வீட்டுப் பையன் சொல்லி சோசொகாபேதான் எடுத்தேன். ஷிகோகு முடித்து, பதினெட்டு மாகாணம் வரை வந்து, ரியல்ம் டிவைடில் சிக்கிவிட்டேன். திரும்ப முதலிலிருந்து தொடங்கட்டுமா?

வேண்டாம். உங்களிடம் மற்றவர்களுக்கு இல்லாத ஒன்று இருக்கிறது, அந்தத் தீவு. ஹோன்ஷுவில் வாங்கியதில் தூரத்து மாகாணங்களைக் கைவிட்டு, படையை ஓரிரு கோட்டைகளுக்குள் இழுங்கள். ஷிகோகுவைச் சுற்றி ஒரு கடற்படை போதும், எதிரிப் படை இறங்குவது பெரும்பாலும் நின்றுவிடும். போர் நடக்கும் மாகாணங்களில் வரி வேண்டாம், ஷிகோகு வயல்கள் படைக்குச் சோறு போடும். எதிரி கோட்டையில் மோதி இளைக்கட்டும், உங்கள் வில்வீரர்கள் மதில் மேலிருந்து வேலையைப் பார்ப்பார்கள். பத்துப் பன்னிரண்டு டர்னில் அலை தணியும். அப்போது பக்கத்துக் குலங்களில் படை தேய்ந்துபோன ஒன்றைப் பார்த்து வெளியே வாருங்கள். 1575க்கு இன்னும் எத்தனை டர்ன் பாக்கி என்று சொன்னால் எந்தப் பக்கம் போகலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.