மடகாஸ்கரின் உயிரினங்கள் பல ஏன் வேறெங்கும் இல்லை?

தனிமைதான் காரணம். சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்திய நிலப்பகுதியிலிருந்து பிரிந்த தீவு அது. அங்கிருந்தவையும், பின்னர் கடல் தாண்டி வந்து சேர்ந்தவையும் தனி வழியில் மாறின. குரங்குகளின் உறவினரான லெமூர்கள் அப்படிக் கடல் தாண்டி வந்தவைதான். இன்று சுமார் நூறு வகை இருக்கின்றன.

அவற்றில் ஐ-ஐ என்ற லெமூர் எனக்கு எப்போதும் வியப்பு. குச்சி போல மெலிந்த நடுவிரலால் மரத்தைத் தட்டி, காது கொடுத்துக் கேட்கும். உள்ளே பொந்து இருப்பது தெரிந்தால் பல்லால் துளைத்து, அதே விரலை விட்டுப் புழுவை எடுக்கும். மரங்கொத்தி இல்லாத தீவில் அந்த வேலை இதனுடையது.

தீவுக்குள்ளும் சூழல் ஒன்றுபோல் இல்லை: கடற்காற்றின் மழையைக் கிழக்கு மலைகள் வாங்கிக்கொள்வதால் அங்கே மழைக்காடு, மேற்கே பாவோபாப் மரங்கள் நிற்கும் வறண்ட காடு, தெற்கே முட்காடு.

அப்புறம், நம் வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியின் தாயகமும் மடகாஸ்கர்தான். ரத்தப் புற்றுநோய்க்கான வின்கிரிஸ்டின் என்ற மருந்து அதிலிருந்து கிடைத்தது.